முந்திரிகை விளையாத வழி

“எங்க தம்பி போறீங்கள்?”

மன்னார்த் தீவில் சைக்கிள் மிதிக்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பட்டணத்திலிருந்து தாழ்வுபாட்டுக்கு நானும் மச்சானும் போன காலையில் ஐந்து பேர் கேட்டார்கள். முதலாமவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார். இரண்டாவது ஆள் மோட்டார் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து கேட்டார். மச்சான் பிரான்சில் வளர்ந்தவன். எந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டும் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொன்னான்: “சும்மா.” கேட்டவர்களுக்கு அது போதவில்லை. மீனுக்குப் போகலாம், பூசைக்குப் போகலாம், காணி பார்க்கப் போகலாம். தலையில் காளான் மாதிரி ஒரு தொப்பியும் தொடையோடு ஒட்டிய காற்சட்டையுமாக, வைகாசி வெயிலில், சோளகத்துக்கு எதிரே, சும்மா போகிறவன் எவன்? நான்காவது ஆளுக்கு நான் முந்திக்கொண்டேன். “செத்தவீடொண்டுக்கு” என்றேன். பெரியவர் முகம் தெளிந்தது. “கவனமாப் போங்கோ” என்று வழிவிட்டார்.

மச்சான் பழகிய வழி வேறு. பிரான்சின் கிழக்கு விளிம்பில், ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைக்கும் நடுவே அல்சாஸ் என்றொரு பகுதி. மலையடிவாரம் முழுக்க முந்திரிகைத் தோட்டம். அதன் ஊடாக 1953 இல் ‘வைன் பாதை’ என்று ஒன்றை அறிவித்தார்கள். மார்லன்ஹைம் என்ற ஊரில் தொடங்கித் தெற்கே தான் என்ற ஊர்வரை 170 கிலோமீற்றர் அளவில் போகிறது. (தான் என்பது ஊரின் பெயர், அச்சுப் பிழையில்லை.) இப்போது சைக்கிளுக்கென்றே தனி வழியும் உண்டு. வருடா வருடம் புரட்டாசியில், குலை வெட்டுகிற காலத்தில், மச்சான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அங்கே மிதிக்கப் போவான். ஊருக்கொரு கோபுரம், கோபுரத்தடியில் நிலவறை, நிலவறை வாசலில் தோட்டக்காரர் ஊற்றித் தரும் அரைக் கிளாஸ். “அங்க ஒருத்தரும் எங்க போறாய் எண்டு கேக்கமாட்டினம்” என்றான். பிறகு கொஞ்சத் தூரம் பேசாமல் மிதித்துவிட்டு, “எங்கயிருந்து வாறாய் எண்டுதான் கேப்பினம்” என்றான்.

அப்படி ஒரு வழி நம் ஊரில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவன் வரும்போதே கொண்டுவந்த கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண்ணில் முந்திரிகை உண்டு. ‘இஸ்ரேல் புளூ’ என்ற இனம். தலைக்கு மேலே பந்தலில் படரும். கவாத்துப் பண்ணினால் வருடத்தில் இரண்டு தடவை காய்க்கும். ஆனால் றோட்டில் போகிறவனுக்கு அது தெரியாது. கிடுகுவேலி, தகரவேலி, இப்போது மதில். அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் நாலு பரப்புப் பந்தல். கடல் தாண்டினால் தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று மைல் கணக்கில் பந்தல்தான். பன்னீர் திராட்சை, 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை 1832 இல் அங்கே கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்தவனைப் பிரெஞ்சுக்காரன் நட்ட கொடியைப் பார்க்க அனுப்புவதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “மன்னார்தான்” என்றான். காரணத்தைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இந்த ‘முந்திரிகை’ என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டு வாசகர் இதைப் படித்ததும் முந்திரிப்பருப்பை நினைத்திருப்பார். நமக்கு அது கஜு. நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களிலும் கொடிமுந்திரிகை என்றே இருந்தது. தாழ்வுபாடு மாதிரி ஒரு கரையோரக் கத்தோலிக்க ஊரில் பிறந்த பிள்ளை, முந்திரிகைத் தோட்டத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதைப் பற்றி நூறு தடவை கேட்டிருக்கும். கடைசி மணித்தியாலத்தில் வந்த கூலியாளுக்கும் முழுநாள் சம்பளம் கொடுத்த தோட்டக்காரன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தூரதேசம் போனவன், காய்க்காத கிளையை நறுக்குகிறவன். என் அம்மம்மா சின்ன வயதில் அந்தத் தோட்டத்தைப் பனங்கூடலாகத்தான் கற்பனை செய்து வைத்திருந்தாவாம். குலை என்றால் நுங்குக்குலை. கூலிக்காரர் வட்டிலேறும் ஆட்கள். பாட்டத்துக்கு விட்ட தோட்டம் என்றால் தெரிந்த கதைதானே.

பூசையில் பாத்திரத்தில் ஊற்றுகிற அந்தக் கொஞ்ச இரசம் மட்டும் உண்மையான முந்திரிகையில் வந்தது. அதில் திருச்சபை விட்டுக்கொடுப்பதில்லை. 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 924 ஆம் பிரிவு, இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்து வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஊரெல்லாம் வடிகிற பனங்கள் பீடத்துக்குப் போக முடியாது. ‘முந்திரிகைப் பழத்திலிருந்து’ என்ற நிபந்தனையே அதற்குப் போதும். மன்னார்த் தீவில் கத்தோலிக்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே வேர்விட்டது. 1544 இல் சங்கிலி மன்னனின் ஆட்கள் புதிதாக மதம் மாறிய அறுநூறு பேரளவில் வெட்டிக் கொன்றார்கள் என்பது வரலாறு; தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் இருக்கிறது. அந்தக் காலம்தொட்டு இன்றுவரை இந்தத் தீவின் பீடங்களுக்கு எங்கிருந்தோ போத்தலில் முந்திரிகை வந்துகொண்டே இருக்கிறது. ஒரு கொடிகூட இங்கே நடப்படாமல் இத்தனை நூற்றாண்டு.

உண்மையில் முந்திரிகை அதற்கும் முன்பே வந்துவிட்டது. பட்டணத்திலிருந்து பாலம் தாண்டினால் மாந்தை; திருக்கேதீச்சரம் இருக்கிற இடம்; ஒரு காலத்துப் பெருந்துறை. அங்கே 2009–10 இல் நடந்த அகழ்வில் எடுத்த மண்ணைச் சலித்துப் பார்த்தவர்களுக்குக் கரிந்த நெல், மிளகு, ஒரு கராம்பு என்று பலதும் கிடைத்தன. அவற்றோடு முந்திரிகை விதையும் கிடைத்தது. கி.பி. 650க்கும் 800க்கும் இடைப்பட்டது என்று காலம் கணித்து, 2018 இல் ஆய்விதழில் எழுதினார்கள். இந்த மண்ணில் விளையாத பொருள். கப்பலில் வந்திருக்க வேண்டும். வத்தலாக வந்ததோ, யார் தின்று துப்பினதோ. சங்கப் புலவர்கள் யவனர் கொண்டுவந்த மதுவைப் பாடினார்கள், அரிக்கமேட்டில் மதுச்சாடி கிடைத்தது என்பதெல்லாம் எப்போதும் பெருமையாகச் சொல்லப்படும். எனக்கு அந்தச் சாடிகளைவிட இந்த விதை பிடித்திருக்கிறது. சாடி அரசனுக்கு வந்திருக்கும். விதையைத் துப்பினவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனாகவும் இருக்கலாம்.

சரி, றோட்டுக்கு வருவோம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றை முதல் நாளே முடித்துவிட்டோம்: கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், சந்திக்குச் சந்தி நிற்கிற கழுதைகள். இரண்டாம் நாள்தான் தாழ்வுபாடு. பட்டணத்திலிருந்து மேற்கே, கீரியைத் தாண்டி, தென்கடலை ஒட்டினாற் போல் போகிற வழி. ஆறு கிலோமீற்றர்கூட வராது. மச்சானின் சைக்கிளில் இருபத்தேழு கியர். எனக்கு நாங்கள் தங்கியிருந்த பட்டணத்து மாமி வீட்டுச் சுவரில் சாத்திக் கிடந்த லுமாலா. ஒரே கியர், அதுவும் செயின் தொங்கினது. தீவு கையை விரித்த மாதிரித் தட்டை. ஏற்றமென்று சொல்ல மதகுகூட இல்லை. ஆனாலும் இருவரும் ஒரே வேகத்தில்தான் போனோம். காரணம் காற்று.

சோளகம் வைகாசியில் எழும்பினால் ஆவணி, புரட்டாசி வரை விடாது. தென்மேற்கிலிருந்து கடலைச் சுருட்டிக்கொண்டு வரும். தென்கரையில் அலை மூர்க்கமாகிவிடும். வள்ளக்காரர் வடகடல் பக்கம் பார்ப்பார்கள். வாடை திரும்பினால்தான் தென்கடல் படியும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு நாலு பெயர் வைத்திருக்கிற ஊரில் நிலத்தில் போகிறவனுக்கும் அந்தப் பெயர்கள் தேவைப்படுகின்றன. ஏற்றம் என்றால் முடிவு கண்ணுக்குத் தெரியும். உச்சிக்குப் போனால் இறக்கம் வரும் என்று நம்பி மிதிக்கலாம். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. மச்சான் முதுகை வளைத்து ஹாண்டிலோடு படுத்துவிட்டான். என் லுமாலாவில் அப்படிப் படுக்க முடியாது. அந்த ஹாண்டில் மனிதனை நிமிர்ந்து இருக்க வைக்கும். நான் சேட்டுக்குள் காற்றை வாங்கிப் பாய்மரம் மாதிரிப் பின்னால் போக முயன்றுகொண்டிருந்தேன்.

இதே காற்றுக்காகத்தான் தென்கரை நெடுக முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 மார்கழியில் திறந்தார்கள். தம்பபவனி என்று பெயர், 103.5 மெகாவாற். அதற்குமேலும் வேண்டாம் என்று 2025 இல் மன்னார்ப் பட்டணத்தில் சனம் நாட்கணக்கில் இருந்து போராடியது. வெள்ளம் வடிகிற வாய்க்காலும் மீனும் பறவையும் தங்கள் கணக்கில் இருக்கின்றன, திட்டக்காரர் கணக்கில் இல்லை என்பது அவர்கள் முறைப்பாடு. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் அந்தக் காலையில், தூரத்தில் மூன்று வெள்ளைக் கைகள் நிதானமாகச் சுற்றுவதைப் பார்த்தபோது, என்னைப் பின்னுக்குத் தள்ளுகிற காற்றில் யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள் என்று ஒரு சின்னப் பொறாமை மட்டும்தான் வந்தது.

கீரி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மச்சானின் பின் ரயர் காற்றுப் போனது. உடைமுள். குடை விரித்த மாதிரி உச்சி தட்டையாக நிற்கும் உடைமரம் இந்தத் தீவின் காவல்காரன். அதன் வெள்ளை முள் விரல் நீளம் வரும். ஐரோப்பிய ரயர் என்று அது பார்க்கவில்லை. மச்சான் பையைத் திறந்து கத்திரி, நெம்பி, முத்திரை மாதிரி உரித்து ஒட்டுகிற துண்டு என்று பரப்பினான். அந்த நேரம் எதிரே வந்தார் மீன்காரர். வடகரையில் மீன் ஏற்றிக்கொண்டு தெற்கே விற்க வருகிறவர். சைக்கிளின் கரியரில் பழைய ரியூப்பால் வரிந்து கட்டிய றெஜிபோம் பெட்டி, ஹாண்டிலில் தராசு, ரப்பர் குமிழ் வைத்த ஹோன். நிறுத்தினார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை, நிலைமை தெரிந்துவிட்டது.

ரியூப்பை வாங்கி, வாயால் ஊதுகிற அளவு காற்று விட்டு, மேலுதட்டுக்குக் கிட்டப் பிடித்து மெல்லச் சுற்றினார். வாளித் தண்ணீர் இல்லை, குமிழி பார்க்க வழியில்லை. எச்சில் ஈரமான உதட்டில் ஊசிமுனைக் காற்றுப் படும் இடத்தில் கையை நிறுத்தி, “இந்தா” என்றார். மச்சானின் முத்திரைத் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துத் திரும்பக் கொடுத்துவிட்டார். தன் பெட்டிக்கடியிலிருந்து ஒரு தகரப் பேணி. அதில் நசுங்கிய சொலூசன் குழாய், பழைய ரியூப் துண்டு, உப்புத்தாள். தேய்த்து, பூசி, பிசின் காயும்வரை மீன் விலை பேசினார். ஒட்டி, கல்லால் நாலு தட்டு. பிரச்சினை அதற்குப் பிறகுதான். மச்சானின் வால்வு பிரெஞ்சு வால்வு. பென்சில் மாதிரி ஒல்லி. நம் பம்முக்குப் பொருந்தாது என்று அவன் அடித்துச் சொன்னான். அவனுடைய கைப்பம்மோ பட்டணத்து மாமி வீட்டில் இருந்தது. மீன்காரர் நுனியில் இருந்த குட்டித் திருகை நகத்தால் தளர்த்தினார். ஒரு வால்வ் ரியூப் துண்டைச் சுற்றி, தன் பம்மின் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அடி” என்றார். அடித்தோம். ஏறியது. “பிரான்ஸ்காரனும் காத்தைத்தானே அடைக்கிறான்” என்றார். காசு நீட்டினால் வாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அரைக் கிலோ சூடை வாங்கினோம். அதை எங்கே கொண்டுபோவது என்று அப்போது யோசிக்கவில்லை.

அவர் போன பிறகு மச்சான் அந்தச் சைக்கிளின் நிறையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஐஸும் மீனுமாக நாற்பது கிலோ, அதோடு காற்று. “அவருக்கு என்ன வயசிருக்கும்?” நமக்கெல்லாம் சைக்கிள் இப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது. சுமை ஏற்றிய சைக்கிள். போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாத வருடங்களில் வடக்கு முழுக்கச் சைக்கிளில்தான் நகர்ந்தது. நோயாளி, நெல்மூட்டை, தேங்காய், சவப்பெட்டிகூட. பற்றரிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப்போகும். அசையாமல் நின்றே ஆயிரம் மைல் ஓடிய சைக்கிள்கள் அவை. இப்படி வளர்ந்த ஒருவனிடம் சும்மா சைக்கிள் ஓடப் போவோமா என்றால் உள்ளே ஏதோ ஒன்று கூசுகிறது. வாகனத்தைப் பிழையாகப் பாவிக்கிற கூச்சம்.

மாமாவின் சைக்கிளும் அந்த வகைதான். மச்சானின் அப்பா, என் அம்மாவின் தம்பி. 1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியபோது, முன் பாரில் மூத்த பிள்ளையும் கரியரில் மாமியும் மாமியின் மடியில் ஒரு வயது மச்சானுமாக அடம்பன் பக்கமிருந்து மிதித்து வந்தார். ஒரு கரையில் இரண்டு இரவு காத்திருந்து, மூன்றாம் இரவு வள்ளம். இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பல வருடம் கழித்துப் பிரான்ஸ். சைக்கிளை அந்தக் கரையில், இரண்டு நாள் திண்ணை தந்த வீட்டுக்காரரிடம் விட்டார். விற்றேன் என்றும் சொல்வார், கொடுத்தேன் என்றும் சொல்வார். எந்தக் கரை என்பதிலும் குழப்பம். மாமா தாழ்வுபாடு என்பார்; மாமி பேசாலை என்பா. முப்பது வருடச் சண்டை அது.

அதே வருடம் ஐப்பசியில் இந்தத் தீவின் முஸ்லிம்கள் எல்லாரும் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று ஊர் ஊராகச் சனம் கடற்கரையில் குந்தியிருந்து, வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனது. அவர்களும் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். எங்கள் வீட்டில் மாமாவின் சைக்கிள் கதை நூறு தடவை சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சைக்கிள்களின் கதையை எங்கள் திண்ணையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தநாள் எருக்கலம்பிட்டி வழியாக மிதித்தபோது ஒருவர் மறித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தோம். நான் எதையும் கேட்கவில்லை.

பனங்கூடல் தொடங்குகிற இடத்தில் காற்றுத் தணிந்தது. இங்கேதான் மச்சான் தேடி வந்த தோட்டம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சொன்னேன். சிரித்தான். ஆனால் வரிசை பார்த்து நடாத அந்தக் கூடலைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அல்சாஸில் கொடிகளை முப்பது நாற்பது வருடத்துக்கொரு தடவை பிடுங்கிவிட்டுப் புதிது நடுவார்களாம், விளைச்சல் குறைந்துவிடும். நிலவறையில் கிடக்கிற போத்தலோ பத்து வருடம், இருபது வருடம் மூத்தது. பனை அதற்குத் தலைகீழ். பாளை தள்ளவே பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலாகும். அதன் பிறகு நட்டவனையும் அவன் பேரனையும் தாண்டி நிற்கும். அதில் வடிகிறதற்கு வயது ஒரு நாள். அங்கே கொடி இளசு, குடி கிழடு. இங்கே மரம் கிழடு, குடி இளசு.

ஒரு மரத்திலிருந்து ஆள் இறங்கிக்கொண்டிருந்தார். காலில் தளநார், இடுப்பில் கத்திக்கூடு, தோளில் முட்டி. அறுபது கடந்திருக்கும். தரையைத் தொட்டதும் தளநாரைக் கழற்றி உதறிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“எங்க போறீங்கள்?”

“இஞ்சதான் அண்ணை” என்றான் மச்சான். பழகிவிட்டான்.

முட்டிக்குள் நுரையும் நாலைந்து தேனீயும் மிதந்தன. பன்னாடையில் வடித்தார். கிடந்த குருத்தோலையில் ஒரு இலக்கைக் கிழித்து, மடித்து, நுனியை முடிந்து இரண்டு பிளாக் கோலினார். எண்ணி முடிப்பதற்குள் கையில் தந்துவிட்டார். மச்சான் வழக்கம்போல மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மெல்ல ஆட்டினான். ஒரு புறமாகச் சிந்தியது. “எந்த வருசத்துக் கள்ளு அண்ணை?” என்று பகிடி விட்டான். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. “இண்டைக்கு விடியத் தம்பி” என்றார்.

பிளாவைக் கையில் வைத்திருந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். அதைக் கீழே வைக்க முடியாது. தோணி மாதிரி வளைந்தது, அடி கிடையாது. வைத்தால் சரிந்துவிடும். வைன் கிளாஸுக்குக் காலும் பாதமும் இருக்கின்றன. மேசையில் வைத்துவிட்டுப் பேசலாம், வெளிச்சத்தில் பிடிக்கலாம், காத்திருக்கலாம். பிளா காத்திராது. கள்ளும் காத்திராது. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றில் உள்ள நொதியம் அதில் இறங்கிவிடுகிறது. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி. தடவாவிட்டால் விடிய இனிப்பு, மத்தியானம் கடுப்பு, அடுத்தநாள் வினாகிரி. ஆகவே ஊர் விட்டு ஊர் போகாது. போத்தலில் அடைத்துச் சூடாக்கி அனுப்புகிற கள்ளு இருக்கிறது. பாரிஸில் லா சப்பல் கடைகளிலும் கண்டதாக மச்சான் சொன்னான். அதைக் குடித்துப் பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கள்ளுக் குடிக்க வேண்டுமென்றால் நாம்தான் மரத்தடிக்கு வர வேண்டும், அதுவும் நேரத்துக்கு. மீனும் அப்படி. மீன்காரரும் சீவுகிறவரும் இன்னும் சைக்கிளில் போவது ஏழ்மையால் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். நாளைக்கு இல்லாத பொருளை இன்றைக்குள் ஐந்து மைல் கொண்டுபோக அதைவிடச் சரியான வண்டி எது என்று இப்போது தோன்றுகிறது. லொறிக்கு இந்தச் சரக்குக் காணாது. நடந்து போகிறவனுக்கு இந்த வெயில் கூடாது.

யாழ்ப்பாணத்தில் பிளாவுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. மரம் ஏறுகிறவருக்கு முற்றத்தில் தண்ணீர் ஊற்றியது பிளாவில்தான், செம்பைத் தொடவிடமாட்டார்கள். அவர் இறக்கிய கள்ளை அதே ஆட்கள் இருட்டினபிறகு குடித்தார்கள். குடித்துவிட்டு எறியக்கூடியது என்பது இலைக்கு இருந்த வசதி, எறிந்தவனுக்கும் வசதி. அழகான பொருள் என்று எழுதிவிட்டு இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அவர் எங்களிடம் காசு வாங்கவில்லை. “விக்கிறதெண்டால் சங்கத்துத் தவறணையில” என்றார் சட்டமாக. மச்சான் தன் சைக்கிள் தண்ணிப் போத்தலைக் கழற்றி நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை இழுத்தால் குடிக்கலாம், அமத்தினால் அடைக்கலாம் என்று மச்சான் விளக்கினான். “இறுக்கி மூடாதேங்கோ” என்றார். நிரப்பித் தந்தார்.

தாழ்வுபாட்டுக் கரையில் வள்ளங்கள் மேட்டுக்கு இழுத்து விடப்பட்டிருந்தன. கடல் பழுப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் யாரோ வலை பொத்துகிற சத்தமில்லாத சத்தம், இன்னொரு வீட்டில் வானொலி. சைக்கிள்களை ஒரு வள்ளத்தில் சாத்திவிட்டு மச்சான் அப்பாவுக்கு வீடியோவில் எடுத்தான். அங்கே விடிந்தும் விடியாத நேரம். மாமா சால்வையோடு இருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இப்போது வீட்டுக்குள்ளேயே கம்போடு நடக்கிறார். மச்சான் கமராவைக் கடல்பக்கம் திருப்பி, “இதோ அப்பா, தாழ்வுபாடு” என்றான்.

மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கடலைக் காட்டாதை. இங்கால திருப்பு. றோட்டைக் காட்டு.”

திருப்பினான். வெள்ளை மணல், கோயில் பக்கம் போகிற ஒழுங்கை, இரண்டு பனை, அதற்குப் பின்னால் தொலைவில் ஒரு காற்றாலை.

“அதென்ன அங்க சுத்துறது?”

சொன்னான்.

“இது இல்லை” என்றார் மாமா. “அந்த வீட்டுக்கு முன்னால கிணறு இருந்தது.” பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது: “பேசாலையெண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்.” மாமா திரும்பவில்லை. “நீ என்ன சைக்கிள் வைச்சிருக்கிறாய், அதைக் காட்டு” என்றார். மச்சான் வள்ளத்தில் சாத்தியிருந்த இரண்டையும் காட்டினான். மாமா அவனுடையதைப் பார்க்கவில்லை. என் லுமாலாவைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, செயின் தொங்குகிறது, பின் சக்கரத்தை ஒரு நூல் பின்னுக்கு இழுத்துப் பூட்டு என்றார்.

திரும்புகையில் காற்று முதுகில். மிதிக்கவே தேவையில்லை. போகும்போது முக்கால் மணி பிடித்த வழி கால் மணியில் சுருண்டுகொண்டு வந்தது. காலையில் செத்தவீட்டைப் பற்றிக் கேட்ட பெரியவர் இன்னும் அதே இடத்தில் இருந்தார். “சவம் எடுத்தாச்சோ?” என்றார். “ஓம் ஐயா” என்றேன்.

பட்டணம் தெரிகிற தூரத்தில் மச்சானின் காலுக்கிடையில் புஸ் என்றது. மூடி பறந்துபோய் வேலிக்குள் விழுந்தது. இரண்டு மணித்தியால வெயிலில் வெந்த கள்ளு போத்தலிலிருந்து நுரைத்துப் பொங்கி, பாரில், செயினில், இருபத்தேழு கியரில், அவன் சப்பாத்தில் வழிந்தது. அவன் இறங்கி நின்று சிரித்தான். போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான், அடியில் இரண்டு மிடறு இருந்தது. ஆளுக்கொன்றாகக் குடித்தோம். புளித்துவிட்டிருந்தது. இலையான் மொய்க்கத் தொடங்கியது; என் கரியரில் இருந்த சூடைக்கும் சேர்த்துத்தான்.

பட்டணத்து மாமி வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தா. “ரெண்டு பேரும் கிணத்தடியில குளிச்சிட்டு உள்ள வாங்கோ” என்றா. “சைக்கிளையும் குளிப்பாட்டுங்கோ.”